ஒரு பல் தவறினால்

“ஏத்துனதுல இருந்து ஒதறுது பாஸ்.”

தலவாக்கலையில் கராஜ் போட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்கிற ஆள் மாறுவார். ஒரு நாள் தோட்டத்து டிரைவர், ஒரு நாள் சின்னத்துரை, இன்னொரு நாள் வெளிநாட்டுப் பயணிகளை விடியற்காலையில் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏற்றிப்போகும் ஜீப்காரர். வாக்கியம் மட்டும் மாறாது. ஏற்றுவது என்றால் ஸ்பிரிங்கை மாற்றியோ, ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கிற ஷேக்கிளை நீட்டியோ வண்டியின் உடம்பை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துவது. அப்படி உயர்த்திய வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்ததும் தரைத்தகடு, சீட்டு, கியர்க் கம்பி எல்லாம் சேர்ந்து நடுங்குவதைத்தான் எங்கள் பக்கத்தில் ஒதறல் என்கிறோம். ஓட்டுகிறவருக்கு ஆள் ஒருவர் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து உலுக்குகிற மாதிரி இருக்கும்.

ஏன் ஏற்றுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தோட்டத்துக் கரத்தை ரோட்டில் ஒரு தடவை இறங்கிப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். மாட்டுக் கரத்தைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய பாதை அது. கொழுந்து லொறியும் டிரக்டரும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் முதுகு மாதிரி மேடு நிற்கும். அந்த மேட்டில் கருங்கல் முளைத்திருக்கும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் கான் உடைத்துக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே பாயும். கான் வெட்ட ஆள் போடாத தோட்டத்தில் ரோடே கானாகிவிடும். லயத்தில் நடுராத்திரி ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் அந்த ரோட்டில்தான் ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். வண்டியின் வயிறு கல்லில் இடிக்காமல் போக இரண்டு அங்குலம் கிடைத்தால் அது ஆடம்பரமில்லை.

பகட்டுக்கு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால் மஹகஸ்தொட்டவில் மலையேற்றக் கார் ஓட்டம் நடக்கும். ஊரெல்லாம் உயரமான ஜீப்பாகத் தெரியும். அது முடிந்த வாரம் எங்கள் கராஜ் வாசலில் பொடியன்கள் நிற்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. அதன்பிறகு இதுவும் கூடிப்போனது. புது வண்டி கிடையாது, பழைய வண்டிக்குத் தங்க விலை. கையில் இருக்கிற ஜீப்பையே உயர்த்தி, பெரிய டயர் போட்டு, சாயம் அடித்துப் புதுசாக்கிக்கொண்டார்கள். தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் அந்த ஐந்து வருடம் எங்கள் தொழிலுக்கு வேலையும் குறையில்லை, தலைவலியும் குறையில்லை.

நான் வேலை பழகியது ஹட்டனில், ஒரு சிங்கள பாஸிடம். தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டங்கள் அரசாங்கத்தின் கையிலிருந்து 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய காலம். துரைமாருக்குப் புது வண்டிகள் வரத் தொடங்கியிருந்தாலும் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. 1948இல் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கிய வண்டி. உடம்பு அலுமினியக் கலவை. வருடத்தில் பாதி நாள் நனைகிற எங்கள் ஊரில் மற்ற வண்டிகள் துருப்பிடித்து உதிரும்போது இது மட்டும் நின்றது. அதன் ஹேண்ட்பிரேக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் இருக்கிற டிரம்மைப் பிடிக்கிறது. ஷாஃப்டின் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குப் பிடி போய்ச் சேரும். ஆகவே பின் ஷாஃப்டைக் கழற்றிய அந்த நொடியில், லீவரை எவ்வளவு இழுத்து வைத்திருந்தாலும், வண்டிக்கு ஹேண்ட்பிரேக் இல்லை.

இது தெரியாமல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு ஷாஃப்டின் நாலு நட்டில் மூன்றைக் கழற்றிவிட்டேன். கராஜ் இருந்தது சரிவில். மலைநாட்டில் சரிவில் இல்லாத கராஜ் எங்கே? பாஸ் ஓடிவந்து என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். பிறகு இரண்டு கருங்கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். “கல தியலா கலவபன்” என்றார். கல்லை வைத்துவிட்டுக் கழற்று. சிங்களத்தில் கல்லுக்கும் கழற்றுவதற்கும் ஓசை ஒன்றுபோல வருவதால் அது மந்திரம் மாதிரி மனதில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு என் கராஜில் சேருகிற பொடியனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க முன்னால் அந்த மூன்று வார்த்தையைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

பாஸுக்கு இன்னும் இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, ஷாஃப்டில் எதைத் தொட முன்னும் கழுவச் சொல்வார். செம்மண் சேறு காய்ந்து ஷாஃப்டின் ஒரு பக்கம் ஒட்டியிருந்தாலே நடுக்கம் வரும். சக்கர ரிம்முக்குள் காய்ந்திருந்தாலும் வரும். மற்றது, ஷாஃப்டைக் கழற்ற முன்னால் வெண்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். ஷாஃப்ட் ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற பல்வைத்த இணைப்பு உண்டு. ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது நீளம் கூடிக் குறைய அதுதான் வழி. பாஸின் கோடு அந்த இணைப்பின் இரண்டு பக்கத்தையும் தொட்டு நேராக ஓடும். “ஏன் பாஸ்?” என்று கேட்டேன். “இருந்த மாதிரியே போட” என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேட்காத கேள்விக்கு நான் பின்னாளில் வட்டியோடு கட்டினேன்.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

2021இல், ஜூன் மழையில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு ஜப்பான் டீசல் ஜீப் வந்தது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். வேறொரு இடத்தில் மூன்று அங்குலம் ஏற்றியிருந்தார்கள்: பாதி உயரம் கூடுதல் பட்டையால், பாதி உயரம் நீட்டிய ஷேக்கிளால். கொண்டுவந்த டிரைவர் அண்ணன் எனக்கு முன்பே தெரிந்தவர். “நாப்பத்தஞ்சுல தொடங்குது பாஸ். அறுபதுல நிக்க முடியல. ஏத்தத்துலதான் ரொம்ப. சின்னத்துரை பின் சீட்ல உக்கார மாட்டேங்கிறாரு” என்றார். டயர் பாலன்ஸ் பார்த்தாயிற்றாம். நான் லிந்துலைப் பக்கமாக நானுஓயா ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். சொன்னது சரி.

நான் செய்தது இதுதான்: பின் ஷாஃப்டைக் கழற்றி இரண்டு கிராஸையும் மாற்றினேன். கிராஸ் என்றால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற கூட்டல் குறி வடிவ மூட்டு. நாலு காலிலும் ஊசி பேரிங். ஒதறல் என்றால் கிராஸ், கிராஸ் என்றால் மாற்று. முப்பது வருடத் தொழிலில் கை தானாகப் போகிற வழி அது. மாற்றிவிட்டு ஓட்டினேன். ஒதறல் போகவில்லை, கேட்டால் ஒரு சொட்டுக் கூடிவிட்டது என்றே சொல்வேன். கிராஸ் சாமான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். இறக்குமதித் தடைக் காலம். பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு சாமான் என்று நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி இன்னொரு ஜோடி எடுப்பித்துப் போட்டேன். அப்படியே இருந்தது. ஷாஃப்டைக் கண்டிக்குக் கொடுத்து லேத்தில் பாலன்ஸ் பார்த்தேன். அப்படியே இருந்தது. தோட்டத்துக்கு நான் எழுதிய பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் தடவை டிரைவர் அண்ணன் வண்டியை எடுக்க வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குச் சுட்டது.

அன்று இரவு மேசையில் மகள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். ஓ.எல். வகுப்பு. கொம்பாஸ் பெட்டி திறந்து கிடந்தது, அதற்குள் பாகைமானி. அதன் நடுத் துளையில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டேன். நேர்விளிம்பை மேசையோரத்தில் வைத்தால் நூல் தொண்ணூறில் நின்றது. மேசையைச் சாய்த்தால் நூல் நகர்ந்தது. கொத்தனாரின் தூக்குக்குண்டும் பள்ளிக்கூடத்துப் பாகைமானியும் சேர்ந்தால் கோணமானி. கடையில் காந்தம் வைத்த கோணமானி கிடைக்கும், இப்போது கைத்தொலைபேசியே அந்த வேலையைச் செய்யும். ஆனால் அன்று எனக்கு அது கண்ணைத் திறந்தது. ஏனென்றால் அதுவரைக்கும் அந்த ஜீப்பில் நான் எதையும் அளக்கவில்லை. மாற்றிக்கொண்டே இருந்தேன்.

என்ன அளக்க வேண்டும் என்பதற்குக் கிராஸின் குணம் தெரிய வேண்டும். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரும் இந்த மூட்டுக்கு உண்டு. அத்தனை பழைய சாமான். இதற்கு ஒரு நொண்டல் இருக்கிறது. நேராக இருக்கும்வரை இந்தப் பக்கம் சுற்றுகிற வேகத்திலேயே அந்தப் பக்கமும் சுற்றும். வளைந்துவிட்டால், இந்தப் பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தி இரண்டு தடவை பிந்தும். 10 பாகை வளைந்தால் முந்துவதும் பிந்துவதும் ஒன்றரை சதவீதம். 20 பாகை வளைந்தால் ஆறு சதவீதம். கோணம் இரட்டித்தால் நொண்டல் நாலு மடங்காகும். இதனால்தான் ஒரு அங்குலம் ஏற்றிய வண்டி பேசாமல் ஓடுகிறது, மூன்று அங்குலம் ஏற்றிய வண்டி ஊரைக் கூட்டுகிறது.

அப்படியானால் ஏற்றாத வண்டி எப்படி நடுங்காமல் ஓடுகிறது? அதில் கிராஸ் இரண்டு. முன் கிராஸ் எந்த நேரத்தில் முந்துகிறதோ அந்த நேரத்தில் பின் கிராஸ் அதே அளவு பிந்தினால், ஒரு நொண்டல் மற்ற நொண்டலைச் சரிக்கட்டிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை. முதலாவது, இரண்டு கிராஸின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். அதாவது ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் வெளித்தண்டும் பின் டிஃபரென்ஷியலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணைகோடாக நிற்க வேண்டும், ஒரு பாகைக்குமேல் பிசகக் கூடாது. இரண்டாவது, கிராஸைப் பிடிக்கிற, ஷாஃப்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ஒதறல் இல்லை. ஒன்று தவறினால் உண்டு. பாடம் இவ்வளவுதான், இதைப் படிக்க எனக்கு ஒரு தோட்டத்தின் காசு செலவானது.

மறுநாள் ஜீப்பைத் திரும்ப வரச்சொன்னேன். “காசு வேணாம், அளந்து பாக்கணும்” என்றேன். அளக்கும்போது சக்கரம் நாலும் தரையில் பாரத்தோடு நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கினால் அச்சு தொங்கி எல்லாக் கோணமும் பொய் சொல்லும். மட்டமான தரை வேண்டுமே என்று தேயிலை ஸ்டோர் ஒன்றின் சிமெந்துத் தரையைக் கடன் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் உறைத்தது: எனக்கு வேண்டியது கோணம் இல்லை, கோணங்களுக்கு இடையிலான வித்தியாசம். வண்டி எந்தச் சரிவில் நின்றாலும் தண்டு, ஷாஃப்ட், பினியன் மூன்றின் அளவையும் ஒரே நிலையில் எடுத்தால் வித்தியாசம் மாறாது. மலைநாட்டுக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன! இருந்தாலும் கண்டபடி சரிவில் நிறுத்தினால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து ஸ்பிரிங் ஒடுங்கும். ஓரளவு மட்டமான இடம் பார்த்துக் கொள்வது நல்லது.

தரைச்சரிவைக் கழித்துவிட்டுப் பார்த்தேன். ட்ரான்ஸ்ஃபர் தண்டு பின்பக்கமாக 4 பாகை சரிந்திருந்தது. ஷாஃப்ட் 13 பாகை. பினியன் ஏழரை. கழித்தால் முன் கிராஸில் 9 பாகை, பின் கிராஸில் ஐந்தரை. காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது: நீட்டிய ஷேக்கிள். பின்பக்க ஷேக்கிளை நீட்டினால் வண்டி மட்டும் உயருவதில்லை. சட்டத்தோடு சேர்ந்து பட்டையின் முன் கண் முழுசாக மேலே போகிறது, பின் கண் அவ்வளவு போவதில்லை. பட்டை சாய்ந்து, அதில் கட்டியிருக்கிற அச்சும் திரும்பி, பினியனின் மூக்கு மேலே பார்க்கிறது. இதில் மூன்றரை பாகை போயிருந்தது. போதாததற்கு ஏற்றத்தில் இழுக்கும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கேறி மூக்கு இன்னும் தூக்கும். ஏற்றத்தில்தான் ரொம்ப என்று டிரைவர் அண்ணன் முதல் நாளே சொன்னது இதைத்தான். மூக்கு கீழே பார்க்கிற வண்டி என்றால் றம்பொடை இறக்கத்தில் கியரில் பிடித்துக்கொண்டு வரும்போது ஒதறும். எங்கள் மலையே ஒரு பரிசோதனைக் கூடம். ஓட்டுகிறவர் சொல்வதை முழுசாகக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

திருத்தம் சின்னது. பட்டைக்கும் அச்சின் இருக்கைக்கும் இடையில் ஒரு இரும்பு ஆப்பு. ஹட்டனில் லேத்துக்காரரிடம் சொல்லிச் செய்வித்தேன். நீளம் 130 மில்லிமீட்டர், ஒரு முனை 12 மில்லிமீட்டர் தடிப்பு, மறு முனை 4. அந்த 8 மில்லிமீட்டர்தான் மூன்றரை பாகை. இந்த ஜீப்பில் அச்சு பட்டைக்குக் கீழே இருந்ததால் தடித்த முனையை முன்பக்கம் வைத்தேன். மூக்கு கீழே வரும். அச்சு பட்டைக்கு மேலே இருக்கிற வண்டியில் இதைத் திருப்பி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் பிழை இரட்டிக்கும். அலுமினியத்தில் ஆப்பு விற்கிறார்கள். எங்கள் ரோட்டு அடிக்கு அது நசுங்கி வெடிக்கும், இரும்புதான் நிற்கும். சென்டர் போல்ட்டை நீளமாக மாற்ற வேண்டும். யூ போல்ட் புதுசாகப் போட வேண்டும், ஒரு தடவை இழுத்துக் கட்டினது திரும்பப் பிடிக்காது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்க வேண்டும்.

ஆப்பை வைத்து அளந்தேன். ஒன்பதும் ஒன்பதும். மனதுக்குள் ஒரு சிரிப்போடு நானுஓயா ஏற்றத்தில் எடுத்தேன். நாற்பத்தைந்தில் தொடங்கியது. அறுபதில் நிற்க முடியவில்லை.

ரோட்டோரம் நிறுத்திவிட்டு அந்த மழையில் வண்டிக்கு அடியில் படுத்தேன். படுக்க முன்னால் கல் வைத்தேன், அதை மறக்கவில்லை. முன் கவையைப் பார்த்தேன். தலையைத் திருப்பிப் பின் கவையைப் பார்த்தேன். முன்னது நெட்டாக நின்றது. பின்னது லேசாகச் சாய்ந்து நின்றது. கண்ணால் பார்த்தாலே தெரிகிற சாய்வு. அந்த வழுக்கு இணைப்பில் பல் 16. முதல் தடவை கிராஸ் மாற்றக் கழற்றியபோது நான் கோடு போடவில்லை. திரும்பச் சொருகியபோது ஒரு பல் தவறியிருக்கிறது. ஒரு பல் என்றால் இருபத்திரண்டரை பாகை. இரண்டாம் ஜோடி கிராஸ் போட்டபோதும், பாலன்ஸ் பார்த்தபோதும், ஆப்பு வைத்தபோதும் அந்த ஒரு பல் அங்கேயே இருந்தது. கோணம் சமமாகியும் ஒரு நொண்டல் முந்துகிற நேரத்தில் மற்ற நொண்டல் சரியாகப் பிந்தவில்லை. முதல் ஜோடி கிராஸுக்குப் பிறகு ஒரு சொட்டுக் கூடியது என்றேனே, கூட்டியது நான்தான். பஞ்சிகாவத்தைச் சாமானைத் திட்டியதை மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

கராஜுக்கு வந்து ஷாஃப்டை இறக்கி, ஒரு பல் திருப்பிச் சொருகினேன். தேய்த்துக் கழுவியபோது இணைப்பின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு அம்புக்குறி அச்சடித்திருந்தது தெரிந்தது. செய்தவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். கிரீஸும் சேறும் மறைத்துவிட்டன. அதற்குத்தான் பாஸ் முதலில் கழுவச் சொன்னார். அதற்குத்தான் கோடு போட்டார். இரண்டு அம்பும் நேருக்கு நேர் நின்றதும் எடுத்து ஓட்டினேன். அறுபதில் சீட்டு சும்மா இருந்தது. டிரைவர் அண்ணன் ஒரு கையால் கியர்க் கம்பியின் தலையைப் பிடித்துப் பார்த்தார். “செத்துப்போச்சு பாஸ்” என்றார். ஒதறலைத்தான் சொன்னார். இரண்டு ஜோடி கிராஸின் காசையும் பாலன்ஸ் கூலியையும் பில்லிலிருந்து வெட்டினேன். வெட்டாமல் இருந்தால் இந்தக் கதையை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒதறுகிறது என்று வருகிற வண்டிக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை, கேள்வி கேட்பேன். எந்த வேகம்? ஏற்றமா, இறக்கமா? ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? டயர்ப் பிழை மெதுவான ஆட்டம், பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். ஷாஃப்ட் பிழை வேகமான நடுக்கம், சீட்டிலும் தரையிலும் உறுமலோடு வரும். கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும்: சாதாரண ஜீப் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செக்கனுக்கு ஏழு சுற்று. டிஃபரென்ஷியல் விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் செக்கனுக்கு முப்பது சுற்று. ஷாஃப்ட் பாலன்ஸ் பிழை என்றால் முப்பது உலுக்கல். கிராஸ் கோணப் பிழை ஒரு சுற்றுக்கு இரண்டு என்பதால் அறுபது. ஏழுக்கும் முப்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கும் உடம்புக்கும் பழகிவிடும். எஞ்சினா என்று தெரிய, அதே வேகத்தில் ஒரு நொடி நியூட்ரலில் விட்டுப் பார்க்கலாம். இதை மட்டமான நேர் ரோட்டில் செய்ய வேண்டும். நான் நுவரெலியா வரை போய்க் கிரகரி ஏரியோரம் பார்ப்பேன். இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவனுக்கு மலைநாட்டில் லைசன்ஸ் கொடுத்திருக்கவே கூடாது.

எல்லா வண்டிக்கும் ஆப்பு மருந்தில்லை. டபுள் கெப் மாதிரி நீளமான வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். வண்டியை ஏற்றினால் அந்த இடத்தில் முறிவு கூடும். பேரிங்கின் தாங்கியைக் கட்டை வைத்து அளந்து இறக்கினால் பல வண்டி அடங்கிவிடும். லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் இன்னொரு சங்கடம். முன் அச்சைப் பிடிக்கிற கைகள் பின்னோக்கிச் சட்டத்துக்குப் போவதால், வண்டியை ஏற்றினால் அச்சு திரும்பி காஸ்டர் குறைந்துவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. கொண்டை ஊசி வளைவில் அது ஆளைக் கொல்லும். காஸ்டரைத் திருத்திய கைகளைப் போட்டால் பினியனின் மூக்கு கீழே போய் முன் ஷாஃப்ட் முனகத் தொடங்கும். ஸ்டியரிங்கைச் சமாதானப்படுத்தினால் ஷாஃப்ட் கோபிக்கும், ஷாஃப்டைச் சமாதானப்படுத்தினால் ஸ்டியரிங் கோபிக்கும். ட்ரான்ஸ்ஃபர் பக்கம் இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்ட் போட்டு ஓரளவு நடுவழி காணலாம். அந்த ஷாஃப்டுக்குக் கணக்கு வேறு: பினியன் ட்ரான்ஸ்ஃபர் தண்டுக்கு இணைகோடாக இருக்கக் கூடாது, ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். எந்தச் சண்டையிலும் நான் ஸ்டியரிங் பக்கம்தான். நடுங்குகிற வண்டி வீடு வந்து சேரும், திரும்பாத வண்டி கிடங்கில் இறங்கும்.

பொகவந்தலாவை ஜீப் கதைக்கு ஒரு வால் உண்டு. ஒதறல் போனாலும் ஒன்பது பாகை ஒன்பது பாகைதான். கிராஸ் இரண்டும் சமமாக நொண்டிச் சரிக்கட்டினாலும் உள்ளே ஊசி பேரிங் ஒவ்வொரு சுற்றும் அந்தக் கோணத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது. வேகமாக ஓடுகிற ஷாஃப்டுக்கு மூன்று பாகைதான் சுகம். இரண்டு வருடம் கழியவில்லை, கிராஸ் வறண்டு, கியர் போடும்போது டங் டங் என்று தட்டத் தொடங்கியது. அப்படித் தட்டுகிற கிராஸை விட்டுவைத்தால் ஒரு நாள் ஷாஃப்ட் கழன்று விழும். முன் முனை விழுந்து ரோட்டில் குத்தினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னத்துரையிடம் அளவைக் காட்டிப் பேசினேன். நீட்டிய ஷேக்கிளைக் கழற்றிப் பழையதைப் போட்டோம். ஒன்றரை அங்குலம் இறங்கியது. பினியன் தானாகப் பழைய இடத்துக்கு வந்தது, ஆப்பையும் எடுத்துவிட்டேன். மிச்சமிருந்த ஒன்றரை அங்குலத்தில் அந்தத் தோட்டத்து ரோட்டில் எந்தக் கல்லும் வயிற்றில் இடிக்கவில்லை. அந்த ஜீப்புக்கு வேண்டியிருந்தது தொடக்கத்திலேயே அவ்வளவுதான்.

ஆகவே வண்டி ஏற்ற நினைக்கிறவர்களுக்கு இருபது வருடத்தின் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக்கு இரண்டு அங்குலம் தாராளம். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஷாஃப்ட் பில் எழுதும். ஷேக்கிளை நீட்டி ஏற்றாதீர்கள். ஏற்ற முன்னால் மூன்று கோணத்தையும் அளந்து ஒரு துண்டில் எழுதி வையுங்கள். ஏற்றிய பிறகு அளந்து ஒப்பிடுங்கள். பிரேக் ஹோஸின் நீளமும் வழுக்கு இணைப்பில் மிச்சமிருக்கிற பிடிமானமும் போதுமா என்று பாருங்கள். ஒதறினால் சாமான் வாங்க ஓடாதீர்கள். ஒதறலில் பாதி, சாமான் கெட்டதால் வருவதில்லை. நல்ல சாமான்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வருகிறது.

மகளின் பாகைமானி இன்னும் என் கராஜ் சுவரில் தொங்குகிறது, நூலும் நட்டுமாக. அதற்குக் கீழே ஒரு தகரப் பேணியில் வெண்கட்டி. கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கருங்கல். ஷாஃப்ட் வேலை மூன்றுக்கும் பிறகுதான் தொடங்கும்.